இறங்கப் பழகுங்கள்: வடசென்னை ஓட்டக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து ஓட்டக்காரர்களே,

உங்களில் பலர் இந்த ஆண்டு மலை ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுக்க நினைக்கிறீர்கள். ஏற்காடா, ஜவ்வாது மலையா, சிக்கமகளூருப் பக்கத்துக் காபித் தோட்டங்களில் 2016இல் தொடங்கிய மல்நாடு அல்ட்ராவா என்று பேச்சு நடக்கிறது. ஜனவரியில் சென்னை மாரத்தானை ஓடி முடித்தவர்களுக்கு அடுத்தது என்ன என்று தோன்றுவது இயல்பு. போக வேண்டும் என்பதே என் கட்சியும். கேரமுக்கும் குத்துச்சண்டைக்கும் கால்பந்துக்கும் பேர் போன பகுதி நம்முடையது. நெடுந்தூர ஓட்டம் மட்டும் பெசன்ட் நகர், அடையாறு ஆட்களின் விஷயம் என்று ஒரு காலத்தில் நாமே ஒதுங்கி நின்றோம். இன்று விடிகாலை நாலரை மணிக்கு எண்ணூர் நெடுஞ்சாலையில் ஓடுகிறவர்களைப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விட்டது என்று தெரிகிறது. மலைக்கும் நாம் போக வேண்டும்.

ஆனால் உங்கள் பேச்சில் ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. எல்லாரும் ஏற்றத்தைப் பற்றியே கேட்கிறீர்கள். எத்தனை மீட்டர் ஏற்றம், எவ்வளவு செங்குத்து, மூச்சு தாங்குமா. இறக்கத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே, தட்டையான தெருவிலேயே ஓடிப் பழகிய நம்மை மலையில் உட்கார வைப்பது பெரும்பாலும் இறக்கம். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஏற்றத்தில் மூச்சு வாங்கும். வாங்கினால் நடக்கலாம். கையை முழங்காலுக்கு மேல் ஊன்றிக்கொண்டு நடந்து ஏறுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. உலகின் முதல் வரிசை மலை ஓட்டக்காரர்களே செங்குத்தான இடங்களில் அப்படித்தான் ஏறுகிறார்கள். கொஞ்ச நேரம் நிதானமாக நடந்தால் மூச்சு தன் இடத்துக்கு வந்துவிடும். இறக்கத்தில் மூச்சே வாங்காது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. இத்தாலிய ஆய்வாளர் ஆல்பர்ட்டோ மினெட்டியும் அவர் குழுவினரும் 2002இல் வெளியிட்ட அளவீடு ஒன்று மலை ஓட்டக்காரர்கள் எல்லாரும் அறிந்திருக்க வேண்டியது. நூறு மீட்டர் தூரத்துக்கு இருபது மீட்டர் உயரும் சரிவில் ஏறி ஓட, சமதரையில் ஓடுவதைப்போல் சுமார் இரண்டரை மடங்கு சக்தி செலவாகிறது. அதே சரிவில் இறங்கி ஓட, சமதரைக்கு ஆவதில் பாதிதான் ஆகிறது. நெஞ்சு லேசாக இருக்கிறது, கையிலிருக்கும் வாட்ச் நல்ல வேகம் காட்டுகிறது, ஏற்றத்தில் விட்ட நேரத்தைப் பிடித்துவிடலாம் என்று கால் தானாகப் பறக்கிறது. அந்த வேகத்துக்கு விலை கொடுப்பது முன்தொடைத் தசை.

ஏறும்போது அந்தத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது உடம்பின் எடையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. சுமையோடு நீளும் தசை இழைகளில்தான் நுண்ணிய சிதைவு அதிகம் ஏற்படும். பந்தயம் பாதி முடிவதற்குள் தொடை நடுங்கத் தொடங்கும். வலியின் உச்சம் ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்து வரும். புரட்டாசியில் அலிபிரி வழியாகத் திருப்பதி ஏறி, நடந்தே இறங்கியவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். மறுநாள் மாடிப்படி ஏற முடிந்தது, இறங்கத்தான் முடியவில்லை என்பார்கள்.

இந்த விஷயம் நன்றாகத் தெரிந்த ஓர் ஊர் தென்னாப்பிரிக்காவின் டர்பன். 1860இல் மதராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல்தான் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு முதல் இந்தியக் கூலிகளைக் கொண்டுபோய் டர்பனில் இறக்கியது. நம் கரையிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அந்த ஊருக்கும் உள்நாட்டு மேட்டுநகரான பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையே 1921 முதல் காம்ரேட்ஸ் ஓட்டம் நடக்கிறது. ஏறத்தாழ 90 கிலோமீட்டர், பன்னிரண்டு மணி நேரக் கெடு. பெரும்பாலும் ஒரு வருடம் கடற்கரையிலிருந்து மேட்டுக்கு, மறு வருடம் மேட்டிலிருந்து கடற்கரைக்கு. அது தார்ச்சாலை ஓட்டம்தான் என்றாலும் பாடம் ஒன்றே. கீழே இறங்கும் ஆண்டுதானே சுலபம் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். பல முறை ஓடிய பழைய ஆட்கள் அதைத்தான் அதிகம் அஞ்சுவார்கள். அந்த ஆண்டு தொடை தேற அதிக நாள் பிடிக்கும் என்பார்கள்.

நம் ஊர் கன்டெய்னர் லாரி ஓட்டும் அண்ணன்மாருக்கும் இது தெரியும். மலைப்பாதையில் எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது அவர்கள் கிளீனருக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு இறங்கினால் டிரம் சூடேறி, கடைசி வளைவில் பிரேக் பிடிக்காது. குதிகாலை முன்னே ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒவ்வோர் அடிக்கும் நிறுத்தி நிறுத்தி இறங்கும் ஓட்டக்காரரின் தொடைக்கும் அதே கதிதான். அடியைச் சிறியதாக வையுங்கள், வேகமாக மாற்றி வையுங்கள். முழங்கால் எப்போதும் லேசாக மடங்கியே இருக்கட்டும். இடுப்பைப் பின்னுக்கு இழுக்காமல் சரிவோடு சேர்ந்து கொஞ்சம் முன்னால் சாயுங்கள். பார்வை பாதத்தில் வேண்டாம், மூன்று நான்கு மீட்டர் முன்னால் இருக்கட்டும். கை இரண்டும் சமநிலைக்காக அகன்று இருக்கட்டும். கூழாங்கல் உருளும் இடத்திலும் ஈர வேரிலும் நடங்கள். விழுந்து எழுந்து வீட்டுக்கு வரும் கதையைவிட நடந்து வந்து பந்தயத்தை முடித்த கதை மேல்.

எவ்வளவு பெரிய பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பது என்று கேட்பவர்களுக்கு ஒரு எளிய கணக்கு. சர்வதேச டிரெயில் ஓட்டச் சங்கம் இதைத்தான் பயன்படுத்துகிறது: மொத்த ஏற்றத்தில் ஒவ்வொரு நூறு மீட்டரையும் ஒரு கிலோமீட்டராக எண்ணித் தூரத்தோடு கூட்ட வேண்டும். 30 கிலோமீட்டர் தூரம், 1,200 மீட்டர் ஏற்றம் என்றால் 42. அதாவது விளம்பரத்தில் முப்பது என்று போட்டிருந்தாலும் நீங்கள் பணம் கட்டுவது ஒரு முழு மாரத்தானின் உழைப்புக்கு. அதற்கும் மேலாகத் தரை கரடுமுரடு. மாரத்தானை ஐந்து மணி நேரத்தில் முடிப்பவர் இதற்கு ஆறு, ஏழு மணி நேரம் ஆகும் என்று மனத்தைத் தயார்செய்துகொள்ள வேண்டும். இதுவரை அரை மாரத்தான் மட்டும் ஓடியவர்கள் முதல் மலைக்கு 10 கிலோமீட்டர் அல்லது 15 கிலோமீட்டர் பிரிவை எடுங்கள். கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற பேச்சை மலையடிவாரத்திலேயே விட்டுவிடுங்கள். எத்தனை மணி நேரம் காலில் நிற்க முடியும் என்பதே அங்கே கணக்கு.

சரி, இறக்கமே இல்லாத ஊரில் இறங்கப் பழகுவது எப்படி?

மெரினா பக்கத்தில் ஓடுகிறவர்களுக்கு மணலாவது இருக்கிறது. துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழும்பிய பிறகு, வடக்கே நகரும் மணல் தெற்குப் பக்கம் தங்கி மெரினாவை அகலப்படுத்தியது. நம் பக்கம் கடல் அரித்துக்கொண்டே வந்து கடைசியில் கருங்கல் சுவர்தான் மிச்சம். அந்தக் கற்களின் மேலும் தூண்டில் வளைவுகளின் மேலும் ஓடிப் பழகலாம் என்று சில இளைஞர்கள் இறங்குவதைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஈரப் பாசியும் கல்லிடுக்கும் கணுக்காலை ஒரு நொடியில் முடித்துவிடும்.

நமக்கு இருப்பது மேம்பாலமும் மாடிப்படியும். திருவொற்றியூர் மாட்டுமந்தை மேம்பாலம் போன்ற ரயில்வே மேம்பாலங்களில் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, லாரி குறைந்த நேரத்தில், வண்டிகளை எதிர்நோக்கி ஓரமாக ஓடலாம். ஒரு பாலத்தின் உயரம் எட்டு மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1,200 மீட்டருக்கு 150 முறை ஏறி இறங்க வேண்டும். அது முடியாது, தேவையும் இல்லை. சரிவில் அடி வைக்கும் பழக்கத்துக்கு மட்டும் பாலம் போதும். தொடைக்கான உண்மையான வேலை மாடிப்படியில் இருக்கிறது. வாரியக் குடியிருப்புகளில் வசிப்பவர்களுக்கு அது வாசலிலேயே கிடைக்கிறது. ஏறும்போது மெதுவாக நடந்து ஏறுங்கள். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உடம்பைப் பொத்தென்று போடாமல், தாங்கித் தாங்கி இறக்குங்கள். முதல் நாள் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள், சில நிமிடங்களாகக் கூட்டிக்கொண்டு போனால் போதும். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வந்து இதைச் செய்யாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் படி தவறும்.

இதற்குப் பலன் உண்டா என்றால், உடம்பின் அருமையான ஏற்பாடு ஒன்று இதில் இருக்கிறது. ஒரே ஒரு முறை இறக்கத்தில் அடிபட்டுத் தேறிய தசை, அதே வேலையை மறுபடி கொடுத்தால் அந்த அளவுக்குச் சேதப்படுவதில்லை. இந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நீடிக்கும். ஆகவே கடைசிப் பெரிய இறக்கப் பயிற்சியைப் பந்தயத்துக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே முடித்துவிடுங்கள். முந்தின வாரம் போய்த் தொடையைக் கிழித்துக்கொண்டு பந்தயத்துக்கு வந்து நிற்காதீர்கள்.

அந்தப் பெரிய பயிற்சிக்கு ஊரை விட்டு வெளியே போகத்தான் வேண்டும். ரயில் ஏறினால் திருத்தணி, 365 படி. அரக்கோணம் போய் பஸ் பிடித்தால் சோளிங்கர், சுமார் 1,300 படி. ரோப் கார் வந்த பிறகும் பக்தர்கள் படியேறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அது கோயில் என்பதை மறக்கக் கூடாது. செருப்பு, ஷூ கீழேயே கழற்ற வேண்டும். ஓட்டம் கூடாது, வாட்சில் நேரம் பிடிப்பதும் கூடாது. நரசிம்மரைக் கும்பிட்டுவிட்டு வெறுங்காலோடு நிதானமாக நடந்து இறங்குங்கள், தொடைக்கு அதுவே தாராளம். சோளிங்கரில் குரங்கு அதிகம், பையைத் திறந்து பிஸ்கட் எடுக்காதீர்கள். ஓடியே பழக வேண்டும் என்றால் ஜோலார்பேட்டைக்கு ரயிலில் போய் ஏலகிரி மலைச்சாலை. 14 கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஏறத்தாழ அறுநூறு மீட்டர் ஏற்றம். வெளிச்சம் வந்த பிறகு, வண்டிகள் பெருகுவதற்கு முன், கூட்டமாக, ஒற்றை வரிசையில். ஏறும்போது நடை, இறங்கும்போது சின்ன அடி ஓட்டம். ஒரு பருவத்துக்கு இப்படி இரண்டு முறை போய்வந்தால் முதல் மலைப் பந்தயத்துக்கு நீங்கள் தயார்.

இங்கே கொஞ்சம் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உள்ளே போகும் காற்றைப்போல் பத்து மடங்கு, அதற்கும் மேல், வேகமாக ஓடும்போது நுரையீரலுக்குள் போகிறது. நிலக்கரித் தூசியும் டீசல் புகையும் மணலியின் வாடையும் அதோடு போகின்றன. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததையும், அதே மாதம் ஒரு நள்ளிரவில் அம்மோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதையும் நாம் செய்தியாகப் படிக்கவில்லை. நம் சொந்தக்காரர்களுக்கு நடந்தது. இந்தப் பகுதியின் காற்றுக்காக மீனவர்களும் குடியிருப்போரும் போராடும்போது ஓட்டக்காரர்களும் அங்கே நிற்க வேண்டும் என்பது என் எண்ணம். அதுவரை, கன்டெய்னர் லாரிகள் வரிசையில் இன்ஜினை அணைக்காமல் நிற்கும் சாலையில் கடினமான வேகப் பயிற்சி வேண்டாம். வாடை தூக்கலாக இருக்கும் காலையில் ஓட்டத்தை விட்டுவிட்டு வீட்டு மாடிப்படியில் இறங்கிப் பழகுங்கள்.

மாத்திரை விஷயம். தொடை வலிக்கும் என்று முன்கூட்டியே ஐபுபுரூஃபனோ டைக்ளோஃபெனாக்கோ போட்டுக்கொண்டு ஓடும் பழக்கம் நம்மிடையே பரவி வருகிறது. 2017இல் வெளியான ஆய்வு ஒன்றில், 80 கிலோமீட்டர் ஓடியவர்களில் ஐபுபுரூஃபன் எடுத்தவர்களில் 52 சதவீதத்தினருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதற்கான அறிகுறி தெரிந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 34 சதவீதம். மலையிறக்கத்தில் தசை சிதைந்து இரத்தத்தில் கலப்பதைச் சுத்தம் செய்யும் வேலையும் அதே சிறுநீரகத்துக்குத்தான். ஓடும்போது அந்த மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். பந்தயம் முடிந்த மறுநாள் சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள், உப்பு சேர்ந்த எதையாவது தின்னுங்கள். மடமடவென்று வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் குறையும். 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களைச் சோதித்தபோது நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு அப்படி இருந்தது.

இறங்கப் பழகுவது தொடைக்கு மட்டும் உரிய பாடமல்ல. பந்தயத்தைப் பாதியில் விட்டுக் கீழே வரவும் தெரிய வேண்டும்.

2021 மே 22. சீனாவின் கான்சு மாகாணத்தில் மஞ்சள் ஆற்றுக் கல்வனத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம். காலையில் கிளம்பியவர்கள் 172 பேர். உயரமான ஏற்றம் ஒன்றில் இருந்தபோது காற்றும் ஆலங்கட்டியும் குளிர் மழையும் சேர்ந்து அடித்தன. காற்றைத் தடுக்கும் சட்டை கட்டாயம் என்று விதி இல்லாததால் பலர் பனியனும் அரைக்கால் சட்டையுமாக இருந்தார்கள். 21 பேர் உடல் குளிர்ந்து இறந்தார்கள். நாட்டின் பெயர்பெற்ற ஓட்டக்காரர் லியாங் ஜிங்கும் அவர்களில் ஒருவர். நிலைமையைப் பார்த்துத் திரும்பி இறங்கியவர்கள் பிழைத்தார்கள். ஜூ கெமிங் என்ற ஆட்டு மேய்ப்பர் தன் குகையில் நெருப்பு மூட்டி ஆறு பேரைக் காப்பாற்றினார்.

வியர்வையிலேயே வாழும் நமக்குக் குளிர் என்றால் என்னவென்று தெரியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் நனைந்த உடம்போடு, காற்றில், அசையாமல் அரைமணி நேரம் நின்றால் பல் கிட்டித்துவிடும். ஆகவே, அமைப்பாளர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், மெல்லிய மழைச்சட்டை, விசில், தலையில் மாட்டும் டார்ச், சார்ஜ் உள்ள போன் இவை பையில் இருக்கட்டும். விலை உயர்ந்த வாட்சும் ஊன்றுகோலும் முதல் பந்தயத்துக்குத் தேவையில்லை. பிடிமானம் உள்ள ஷூவுக்கு மட்டும் பணத்தைச் செலவழியுங்கள்.

காட்டில் அனுமதியில்லாமல் ஓடப் போகாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுக்களில் ஒன்று நம் சென்னையிலிருந்து போனது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அவர்களில் பெண்கள் பலர். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024இல் வனத்துறையே 40 பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தது. கோடையின் தீப்பருவத்தில் காட்டுப் பாதைகளை மூடுவதற்குக் காரணம் இருக்கிறது. எந்த மலை ஓட்டத்துக்கும் பணம் கட்டும் முன் அமைப்பாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: வனத்துறை அனுமதி இருக்கிறதா, ஆம்புலன்ஸ் எந்த இடம் வரை வரும், கடைசி ஆளுக்குப் பின்னால் யார் வருவார்கள். நேரான பதில் வராத பந்தயத்துக்கு உங்கள் பணமும் வேண்டாம், உங்கள் காலும் வேண்டாம்.

கடைசியாக, நம் குழுக்களில் உள்ள மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். மலைக்குப் போகும்போது வேகமானவர்கள் முன்னால் போய்விட, புதியவர்கள், குறிப்பாகப் பெண்கள், காட்டுப் பாதையில் தனியாக இறங்குவது நம்மிடையே நடக்கிறது. தனியாக இறங்கும்போதுதான் பயம் வருகிறது, பயத்தில்தான் காலை இறுக்கி ஊன்றி விழுகிறார்கள். முதல் முறை மலைக்கு வருகிற ஒவ்வொருவரோடும் ஏற்கனவே மலை பார்த்த ஒருவர் கடைசி வரை கூடவே வர வேண்டும். பதக்கம் எண்ணியது போதும் என்று நினைக்கும் நம் போன்றவர்கள் அந்த வேலையை எடுத்துக்கொள்வோம். துணைக்கு ஆள் வேண்டும் என்பவர்கள் உங்கள் குழுவிலேயே கூச்சப்படாமல் கேளுங்கள். ஏலகிரிப் பயிற்சிக்கு வருகிறவர்கள் இந்த வாரமே பெயர் சொன்னால் ஒன்றாக டிக்கெட் எடுத்துவிடலாம்.

அன்புடன்,
திருவொற்றியூரிலிருந்து உங்களில் ஒருவன்